வீணாய்ப்போன படம்

3-2-1981, செவ்வாய்

இன்று சின்னவன் தங்கப்பழத்தை ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டேன். இங்கே எழுதிவைக்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

ராயகிரியிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப மகளைப் படம் எடுத்தேன், கழுவி நாளைக்கே வேண்டுமாம். ஸ்டோர் ரூமில் ரெட் லைட்டைப் போட்டுக் கதவைச் சாத்தினால் தங்கப்பழம் வெளியே நின்று உதைக்கிறான். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம். போன வாரம் அப்படித்தான் கதவு திறந்து, பெட்டியில் இருந்த போட்டோப் பேப்பர் முழுவதும் வெளிச்சம் பட்டுப் பாழாயிற்று. அதனால் பழைய சேலையைக் கிழித்து, அவன் இடுப்பில் ஒரு முனை, ஜன்னலில் ஒரு முனை. படத்தைக் கழுவி முடித்து வெளியே வந்து பார்க்கிறேன், அழுது அழுது தரையிலேயே தூங்கியிருக்கிறான். இடுப்பில் சிவப்பாய்த் தடம். எண்ணெய் தடவினேன். அவர் பஸ் டியூட்டி முடிந்து வருவதற்குள் மறைந்துவிடும்.

4-2, புதன்

கட்டிப்போடுவதைவிட நல்ல வழி கிடைத்தது. கறுத்தது, வெளுத்தது, ஓரம் மடங்கியது என்று வீணாய்ப்போன படங்களைத் தூக்கி எறியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் மூத்தவள் கோமதியிடம் கொடுத்தேன். தம்பிக்கு விளையாட்டுக் காட்டு என்றேன். ஐந்து வயதுதான், ஆனால் பொறுப்பு உண்டு. படங்களைத் தரையில் பரப்பிக் கடை வைத்தாள். இந்த மாமா என்ன விலை, இந்தப் பாப்பா என்ன விலை என்று தம்பியிடம் பேரம் பேசுகிறாள். ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. இரண்டு ரோல் கழுவிவிட்டேன்.

இது ஏன் முன்பே தோன்றவில்லை?

5-2, வியாழன்

பள்ளிவாசல் தெரு மைமூனம்மாள் தன் மகளைக் கூட்டிவந்தார்கள். மகள் பெயர் சுபைதா பேகம். கடையநல்லூரில் கட்டிக்கொடுத்து, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். நாற்பது நாள் கழிந்து இன்றுதான் வெளியே இறங்குகிறாளாம். புருஷன் துபாயில். பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை.

முன்னறை ஜன்னல் எல்லாம் சாத்தச் சொன்னார்கள். ஆம்பிளை ஆள் யாரும் வந்துவிட மாட்டார்களே என்று மைமூனம்மாள் இரண்டு தடவை கேட்டார்கள். வாசல் போர்டில் எழுதியிருப்பதுதான், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் என்றேன். எனக்கே கொஞ்சம் பெருமை. சிவகிரியில் அப்பா ஸ்டூடியோவில் கூடமாட நின்று கற்றுக்கொண்டது இதற்குத்தான் உதவுகிறது. கடைக்குப் போகமுடியாத பெண்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள்.

பெரிய பல்பு இரண்டையும் போட்டு, பிள்ளையோடு ஆறு படம் எடுத்தேன். பிறகு சுபைதா தாயைக் கொஞ்சம் உள்ளே போய் இருக்கச் சொன்னாள். முக்காட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தலை நிறையப் பிச்சிப்பூ. தனியாக ஒன்று வேண்டும், புருஷன் கடிதத்தில் கேட்டிருக்கிறார் என்று சொல்வதற்குள் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கிப் பார்க்கிறாள், முடியவில்லை. அந்தச் சிரிப்பிலேயே எடுத்தேன்.

போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, இது அவுக கண்ணுக்கு மட்டுந்தான்."

எனக்குத் தெரியாதா என்றேன்.

6-2, வெள்ளி

சுபைதாவின் தனிப்படம் மாதிரி நான் இதுவரை ஒன்று எடுத்ததில்லை. முதல் பிரதி போடும்போது சின்னவன் கதவை உதைத்தான், வெளிச்சம் காட்டுகிற கணக்குத் தவறி முகம் கொஞ்சம் கறுத்துவிட்டது. அதை ஓரமாய்ப் போட்டுவிட்டு வேறு இரண்டு பிரதி போட்டேன். சந்தனம்போல வந்தது. அந்த இரண்டையும் நெகடிவையும் கவரில் வைத்து ஒட்டி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

17-2, செவ்வாய்

தங்கப்பழத்துக்குக் காய்ச்சல். வேலை எதுவும் ஓடவில்லை.

24-2, செவ்வாய்

எழுத்து கோணலாய் வருகிறது.

மத்தியானம் மைமூனம்மாள் வந்தார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சுபைதாவின் கொழுந்தன் பாதுஷா நேற்றுக் கடையநல்லூரிலிருந்து ஜவுளி எடுக்க வந்திருக்கிறான். ஊருக்குள் சுற்ற வாடகைச் சைக்கிள் எடுக்க எங்கள் தெரு முனையில் சிவனாண்டி கடைக்குப் போயிருக்கிறான். அங்கே கண்ணாடிச் சட்டத்தில் சுபைதாவின் படம் செருகியிருந்ததாம். முக்காடில்லாமல், பூவும் சிரிப்புமாய். வருகிற போகிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் பார்க்கிற இடத்தில். இது எப்படி இங்கே வந்தது என்று சட்டையைப் பிடித்திருக்கிறான். சிவனாண்டி பயந்துபோய், யாரோ விட்டுவிட்டுப் போனது என்று சொல்லிவிட்டான். பாதுஷா படத்தைப் பிடுங்கிக்கொண்டு நேரே மைமூனம்மாள் வீட்டுக்குப் போய், உங்கள் மகள் இதை யாருக்குக் கொடுத்தாள் என்று கேட்டிருக்கிறான்.

மைமூனம்மாள் என்னைக் கேட்டது ஒன்றுதான்.

"எத்தனை படம் போட்டே மக்கா?"

"ரெண்டுதான். கவர்லே வச்சுத் தந்தேம்லா."

"வேற இல்லையே?"

"இல்லே."

அவர்கள் முதுகுக்குப் பின்னால் பிஸ்கட் டின் மூடி திறந்து கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் கறுத்துப்போன பிரதி ஞாபகத்துக்கு வந்தது. காய்ந்ததும் எடுத்து டின்னில் போட்டது நான்தான், இதே கையால். முதலில் ரெண்டுதான் என்றது நினைவில்லாமல் சொன்னது. இரண்டாவது சொன்ன 'இல்லே' அப்படி இல்லை. தெரிந்து சொன்னது.

நீ இல்லை என்றால் சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நம்பிவிட்டார்கள்.

25-2, புதன்

டின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன். இல்லை.

கோமதியைக் கேட்டேன். பூ வைத்த அக்கா படமா, அதை மூக்காண்டிக்குக் கொடுத்தேன், இலந்தைப்பழம் தந்தான் என்றாள். மூக்காண்டி சிவனாண்டியின் பையன், இவள் வயசுதான். கடை வைத்து விளையாடினார்கள் அல்லவா, அதில் விற்றிருக்கிறாள். அவன் கொண்டுபோய் அப்பனிடம் காட்டியிருக்கிறான். ஏதோ சினிமாக்காரி படம் என்று நினைத்துச் சிவனாண்டி கண்ணாடியில் செருகிவிட்டான் போல.

அடித்துவிட்டேன். எதற்கு அடி என்று அதற்குத் தெரியாது. யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று நான் எப்போது சொன்னேன்? சொல்லவே இல்லையே. விளையாடு, எனக்குத் தொந்தரவு பண்ணாதே, அவ்வளவுதான் சொன்னேன்.

அடித்ததோடு விட்டேனா? யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லவேண்டும் என்றேன்.

"பொய்யா எம்மா?"

"வாயைத் தொறக்கக்கூடாது. அவ்வளவுதான்."

27-2, வெள்ளி

அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு யோசித்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்த சுபாவம். வெளியே தெரிந்தால் எந்தப் பெண்பிள்ளை நம் வீட்டுப் படியேறும், சும்மா இரு, பத்து நாளில் மறந்துவிடுவார்கள் என்றார். டின்னில் இருந்ததை எல்லாம் அடுப்பில் போடச் சொன்னார். போட்டேன். வீடு முழுக்க நாற்றம்.

அவர் அப்படிச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

2-3, திங்கள்

பூக்காரம்மா வாசலில் நின்று, கண்ணு உன் பேர் என்ன என்று கோமதியைச் சும்மா கேட்டாள். பிள்ளை உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டது. என்னைத் திரும்பிப் பார்க்கிறது. பேர் சொல்லலாமா கூடாதா என்று.

5-3, வியாழன்

கேள்விப்பட்டது: கடையநல்லூரிலிருந்து சுபைதாவை அழைத்துப்போக வரவேண்டிய நாள் தாண்டிவிட்டது. யாரும் வரவில்லை. துபாய்க்கும் கடிதம் போயிருக்கிறதாம். பாதுஷா எழுதியிருக்கிறான்.

9-3, திங்கள்

சொல்லிவிடுவது என்றுதான் போனேன். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன், விட்டுவிட்டுப் போக ஆள் ஏது. வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மைமூனம்மா, தப்பு எம்மேலே. மைமூனம்மா, ஒரு படம் கறுத்துப்போச்சு. எப்படித் தொடங்கினாலும் மறுபடி முதலிலிருந்தே தொடங்கினேன்.

கதவைத் திறந்தது சுபைதா. மெலிந்துவிட்டாள். தாய் தர்காவுக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்தாள், எனக்கு டீ போட்டாள். நான் எதற்கு வந்தேன் என்று கேட்டபோது, பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். நாக்கு அதுவாகச் சொல்லிவிட்டது.

பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"உங்க பேரும் இதுலே அடிபடுதுக்கா. நான் சொல்லிட்டேன், அந்த அக்கா அப்படிப்பட்டவ இல்லே, அவுகமேலே எனக்குச் சந்தேகம் இல்லைன்னு."

நான் டீயைக் குடித்தேன். முழுவதும் குடித்தேன். அப்புறம் எழுந்து வந்துவிட்டேன்.

என்ன மனுஷி நான்?

10-3, செவ்வாய்

ராயகிரித் தாயும் மகளும் மறுபடி வந்தார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டதாம். எனக்குக் கைராசி என்று சொல்லிச் சர்க்கரை கொடுத்துவிட்டுப் போனார்கள். வாயில் போட முடியவில்லை.

14-3, சனி

சொல்லிவிட்டேன்.

அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், அதைச் சாக்காக வைத்துக்கொள்வேன். விடிந்ததும் போனேன். தாயும் மகளும் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். மூன்று போட்டேன், ஒன்று கறுத்தது, பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தேன், என் மகள் மூக்காண்டியிடம் கொடுத்தாள், நீங்கள் வந்து கேட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும்.

சுபைதா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

மைமூனம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். "இதை எங்கிட்டே சொல்லி என்ன செய்ய? என் மகளை எனக்குத் தெரியாதா? கடையநல்லூருக்கு வந்து அவுக முன்னாலே சொல்லு."

வாரேன் என்றேன்.

16-3, திங்கள்

நேற்று அவரிடம் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். இன்று காலையில் பஸ்ஸில் மைமூனம்மாளுக்கும் எனக்கும் பிள்ளைகளுக்கும் இடம் பிடித்து ஏற்றிவிட்டது அவர்தான். போயிட்டு வா என்றார். அவ்வளவுதான்.

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி வழியாகக் கடையநல்லூர். சின்னவன் வழியில் வாந்தி எடுத்தான், என் சேலையிலேயே. அந்தச் சேலையோடுதான் போய் நின்றேன். மைமூனம்மாள் எனக்கு முன்னால் நடந்தார்கள்.

சுபைதாவின் மாமனார் ஆதம் நாற்காலியில் இருந்தார். பாதுஷா நிலைப்படியில் சாய்ந்து நின்றான். மாமியார் திரைக்கு அந்தப் பக்கம். நான் எல்லாம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, தெரிந்தே இல்லை என்று சொன்னதையும் சொன்னேன்.

பாதுஷா நம்பவில்லை. "மகளைக் கரையேத்த இந்தம்மாவைப் பேசி வச்சுக் கூட்டிட்டு வந்திருக்காக" என்றான். மைமூனம்மாளுக்கு முகம் செத்துவிட்டது.

இருபது நாள் பொய் சொன்னவள் பேச்சுக்கு என்ன மதிப்பு? அப்போது ஆதம் கோமதியைப் பார்த்து, இந்தப் பிள்ளையா கொடுத்தது என்று கேட்டார். கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுத்திப் பொத்தியிருந்தாள், கன்னம் அமுங்கிப்போய்.

நான் அவள் முன்னால் உட்கார்ந்தேன். கையை எடுக்கப் பார்த்தேன், விடவில்லை.

"சொல்லலாம் மக்கா. அன்னைக்கு அம்மா சொன்னதுதான் தப்பு. நீ சொல்லலாம்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. பிறகு கையை எடுத்தது. "நாந்தான் மூக்காண்டிக்குக் குடுத்தேன். இலந்தைப்பழத்துக்கு."

"எத்தனை பழம் தந்தான்?" ஆதம் கேட்டார்.

"நாலு. ஒண்ணுலே புழு இருந்துச்சு. வேற கேட்டேன், தரலே."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பாதுஷா தலையைக் குனிந்துகொண்டான். ஆதம் எழுந்து வந்து கோமதி தலையில் கையை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளைமேலே குத்தமில்லே. கடுதாசி போட்டு துபாய்லே இருக்கிறவனையும் நிம்மதி இல்லாம ஆக்கிட்டோம். நீ அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

சின்னவனைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

திரும்பி வரும்போது சின்னவன் தூங்கிவிட்டான். கோமதி பஸ்ஸில் முன்சீட்டுக்காரரிடம், அடுத்த சீட்டுக்காரியிடம், எல்லாரிடமும் பேசிக்கொண்டே வந்தாள். பேர், தம்பி பேர், அப்பா கண்டக்டர் என்பது, எல்லாம்.

19-3, வியாழன்

ஆதமும் மனைவியும் வந்து சுபைதாவை அழைத்துப் போய்விட்டார்களாம். பூக்காரம்மா சொன்னாள். பாதுஷா வரவில்லையாம்.

20-4, திங்கள்

பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒரு மாதமாக யாரும் வரவில்லை. அந்தத் தெரு மட்டும் இல்லை. ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, தெரியத்தான் செய்யும். சிவனாண்டி என்னைக் கண்டால் பம்ப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறான். அவனும் பொய் சொன்னவன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தெருவில்.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒருத்தி பிள்ளையின் காது குத்துப் படத்தை வாங்கிப்போக வந்தாள். போகும்போது தயங்கித் தயங்கி, வேறு பிரதி ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டீர்கள்தானே என்றாள். அவள் முன்னாலேயே கறுத்த பிரதியைக் கிழித்து அடுப்பில் போட்டுக் காட்டினேன். இனி எல்லோருக்கும் அப்படித்தான்.

வீணாய்ப்போனது எதுவும் ஸ்டோர் ரூமை விட்டு வெளியே வருவதில்லை. தங்கப்பழம் தூங்கும்போது மட்டும் வேலை. அவன் தூங்காவிட்டால் வேலை இல்லை. ஒரு நாளைக்கு ஒரு ரோல்கூட முடியாது. முடியாவிட்டால் போகட்டும்.

6-6, சனி

போர்டைக் கழற்றிவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். எழுத்து மங்கித்தான் இருக்கிறது, வேண்டுமானால் புதிதாக எழுதச் சொல்லலாம் என்றார்.

11-7, சனி

மைமூனம்மாளைக் கோவில் வாசலில் பூ வாங்கும்போது பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். சுபைதா நன்றாக இருக்கிறாளா என்று கேட்டேன். இருக்கிறாள் என்றார்கள். பூவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டிருக்கக் கூடாதோ?

8-9, செவ்வாய்

இன்று சுபைதா வந்தாள்.

முன்னறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் பிள்ளையோடு நிற்கிறாள். விளக்குமாற்றைக் கீழே போடத் தோன்றவில்லை எனக்கு. உள்ளே வா என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா என்றும் தெரியவில்லை. அவளே உள்ளே வந்தாள்.

புருஷன் மறுபடி படம் கேட்டிருக்கிறாராம். பிள்ளை தவழ்கிறது, இரண்டு பல் முளைத்திருக்கிறது, அதைப் பார்க்கவேண்டுமாம். அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள், ஆனால் சிரிக்கவில்லை.

"எடுக்கிறது நீங்க எடுங்கக்கா. வேற ஆம்பிளைக முன்னாலே போய் நிக்க என்னாலே ஆகாது. ஆனா ரோலை எங்கையிலே குடுத்திரணும். கழுவவேண்டாம். கொழுந்தனார் வெள்ளிக்கிழமை துபாய்க்குப் போறாக, அவுக கையிலே குடுத்துவிடுவேன். அங்கன கழுவிக்கிடுவாக."

சரி என்றேன். அதில் எனக்குக் கோபமில்லை, வருத்தமும் இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்பேன்.

புது ரோலை அவள் முன்னாலேயே பிரித்துப் போட்டேன். ஜன்னல் எல்லாம் சாத்தினேன். பிள்ளை பல்பைப் பிடிக்கத் தவழ்ந்து வருகிறது, அவள் காலைப் பிடித்து இழுக்கிறாள், அப்படியே ஒன்று. மடியில் வைத்து ஒன்று. எட்டு எடுத்தாயிற்று. முக்காட்டை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ரோலில் பன்னிரண்டு படம், நாலு பாக்கி. ஏதாவது சுவரைப் பார்த்து அமுக்கி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் என் பிள்ளைகளைப் பார்த்தாள். இரண்டும் நிலைப்படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

"இதுகளை எடுங்க" என்றாள்.

எடுத்தேன். கோமதி தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டில் இவ்வளவு படம் கழுவியிருக்கிறேன், என் பிள்ளைகளை உட்காரவைத்து எடுத்தது தங்கப்பழம் மொட்டையடித்த அன்றைக்கு ஒரு தடவைதான்.

ரோலைச் சுற்றி, ஒட்டி, அவள் கையில் கொடுத்தேன். பைக்குள் வைத்துக்கொண்டாள். வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா என்று சேர்த்துச் சொன்னாளா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் இல்லை.

என் பிள்ளைகள் படம் நாலும் அவளோடு போயிற்று. யார் கழுவுவார்கள், யார் கையில் கிடக்கும், யார் பார்ப்பார்கள், எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

5-11, வியாழன்

தபாலில் துபாய் ஸ்டாம்பு ஒட்டிய கவர் வந்தது. தமிழில் என் பேர், அழகான கையெழுத்து. அனுப்பியவர் இடத்தில் சுபைதா புருஷன் பேர். உள்ளே கடிதம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் படம் நாலு, வெட்டி எடுத்த நெகடிவ் நாலு.

மூன்று நன்றாக இருக்கிறது. ஒன்றில் தங்கப்பழம் தலையை ஆட்டிவிட்டான், முகமே தெரியவில்லை. வீணாய்ப்போன அதையும் சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்.